ரிமோட் என்றால் எங்கிருந்து? வேலைத் தளங்களோடு ஐந்து மாதம்

ஒரு வேலைக்கான இன்டர்வியூவில் நான்கு சுற்று முடிந்திருந்தது. முதலில் அரை மணி நேரப் பேச்சு. அப்புறம் வீட்டிலேயே செய்து அனுப்பச் சொன்ன ஒரு சின்ன புராஜெக்ட், அதை வைத்து இரண்டு பேர் கேட்ட கேள்விகள், கடைசியாக டீம் லீடோடு ஒரு மணி நேரம். புராஜெக்டுக்கு மட்டும் ஒரு சனியும் ஞாயிறும் முழுக்கப் போனது. ஐந்தாவது அழைப்பில் எச்ஆர் பெண்மணி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?" சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மன்னிக்கவும், எங்கள் நாட்டுக்குள் இருப்பவர்களை மட்டும்தான் எங்களால் எடுக்க முடியும்."

விளம்பரத்தை மறுபடி திறந்து பார்த்தேன். "ரிமோட்", அதாவது அலுவலகத்துக்கு வராமலே செய்யலாம், என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. என் ரெஸ்யூமேயில் பெயருக்குக் கீழேயே நாட்டின் பெயர் இருக்கிறது. நான்கு சுற்றிலும் யாரும் அதைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரியே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் தொடங்கினேன். நான் பேக்எண்ட், அதாவது ஒரு செயலியில் கண்ணுக்குத் தெரியாத சர்வர் பக்கத்து வேலை செய்கிறவள். பத்து வருடமாகப் பைத்தான் என்ற நிரல்மொழியும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸும்தான் பிழைப்பு. எந்தத் தளத்தில் பார்த்தேன், எந்தத் தேதியில் பார்த்தேன், சம்பளம் போட்டிருக்கிறதா, பதில் வந்ததா என்று பத்தி பத்தியாகப் பிரித்தேன். முதல் பத்திக்கு மட்டும் "எங்கிருந்து" என்று பெயர் வைத்தேன். ஐந்து மாதம் அந்தத் தாளை நிரப்பினேன். இப்போது வேலை கிடைத்துவிட்டது. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு தளத்தில் எத்தனை ஆயிரம் வேலை இருக்கிறது என்ற எண்ணிக்கைக்கு என்னிடம் மதிப்பே போய்விட்டது. "இது உனக்கான வேலை இல்லை" என்பதை எவ்வளவு சீக்கிரம் சொல்கிறது என்பதை வைத்துத்தான் நான் தளங்களை எடைபோடுகிறேன். ஒரு நிமிடத்தில் சொன்னால் நல்ல தளம். நான்கு சுற்றுக்குப் பிறகு தெரிய வந்தால், அங்கே பத்து லட்சம் வேலை இருந்தும் எனக்குப் பயனில்லை.

ஏன் இப்படி நாடு பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேட ஆரம்பிக்கிற பலர் இதைத் திறமைக்கு விழுந்த அடியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாட்டில் முழுநேர ஊழியர் ஒருவரை வைத்தால், அந்த நாட்டின் வருமான வரிப் பிடித்தம், தொழிலாளர் சட்டம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் கம்பெனியின் பொறுப்பாகிவிடும். சில சமயம் அந்த ஒரு ஊழியரைக் காரணம் காட்டி, கம்பெனியே அங்கே தொழில் நடத்துவதாகக் கணக்கிட்டு வரி கேட்கலாம். இதைத் தவிர்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உங்களைக் கான்ட்ராக்டராக எடுப்பது. அப்போது வரியும் விடுப்பும் காப்பீடும் உங்கள் பாடு. இன்னொன்று, டீல், ரிமோட் (இங்கே இது ஒரு நிறுவனத்தின் பெயர்), ஆய்ஸ்டர் போன்ற இடைநிலை நிறுவனங்களின் மூலம் எடுப்பது. சட்டப்படி அவர்கள்தான் உங்கள் முதலாளி, வேலை செய்வது மட்டும் இந்தக் கம்பெனிக்கு. விளம்பரத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று எழுதியிருந்தால் வேற்று நாட்டு ஆளை எடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று அர்த்தம். எதுவுமே இல்லாமல் வெறும் "ரிமோட்" என்று இருந்தால் நான் இப்போதெல்லாம் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுகிறேன்.

சரி, தளங்களுக்கு வருகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பார்க்க அழகே இல்லாத ஒரு பக்கம். ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்யும் ஒய் காம்பினேட்டர் நடத்தும் ஹேக்கர் நியூஸ் என்ற விவாதத் தளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் "ஹூ இஸ் ஹயரிங்" (யார் ஆள் எடுக்கிறார்கள்) என்று ஓர் இழை, அதாவது எல்லாரும் பதிவு போடும் ஒரு பக்கம், தொடங்கும். லோகோ இல்லை, வண்ணப் பட்டை இல்லை, வெறும் எழுத்து. ஆனால் இழையின் தலையிலேயே விதிகள் இருக்கின்றன. ஆள் எடுக்கும் கம்பெனியில் வேலை செய்பவர்தான் போட வேண்டும். ரெக்ரூட்டிங் நிறுவனங்களுக்கும் மற்ற வேலைத் தளங்களுக்கும் இடமில்லை. ஒரு கம்பெனிக்கு ஒரு பதிவுதான். இப்போதே ஆள் தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள், விண்ணப்பிப்பவர்களுக்குப் பதில் சொல்லும் எண்ணத்தோடு போடுங்கள் என்றும் இருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விதி இடத்தைப் பற்றியது: ரிமோட் என்றால் ரிமோட் என்று எழுத வேண்டும், குறிப்பிட்ட நாட்டுக்குள் மட்டும் என்றால் பக்கத்திலேயே அந்த நாட்டையும் எழுத வேண்டும், அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றால் அதையும் எழுத வேண்டும். நான் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டில் தேடிக்கொண்டிருந்த பத்தி இங்கே விதியாகவே இருந்தது.

இதைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். நூற்றுக்கணக்கான பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். முதல் வரியில் கம்பெனி, பதவி, இடம், சம்பளம் எல்லாம் செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்திருக்கும். நான் பிரவுசரிலேயே "ரிமோட்" என்று தேடி, முதல் வரிகளை மட்டும் வாசித்துக்கொண்டு போவேன். முழுப் பக்கத்துக்கும் ஒரு மணி நேரம் ஆகும். தனியாகத் தேடித் தரும் கருவிகளைச் சிலர் இதற்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள், அவையும் உதவும். ஆனாலும் முழுசாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். டேட்டாபேஸை ஏன் மாற்றினோம், அதில் எங்கே அடிபட்டோம் என்று ஓர் எஞ்சினியர் நான்கு வரி எழுதியிருப்பார். அந்த நான்கு வரியில் தெரிகிற அளவுக்கு வேறு எந்த விளம்பரத்திலும் ஒரு டீமைப் பற்றித் தெரிவதில்லை. விண்ணப்பிக்கும்போது அந்தப் பிரச்சினையைப் பற்றியே மூன்று வரி எழுதி அனுப்பினேன். என் தாளில் பதில் அதிகம் வந்த வரிசை இதுதான். அதே நாளில் "ஹூ வான்ட்ஸ் டு பீ ஹயர்டு" என்று வேலை தேடுபவர்களுக்கான இழையும் வரும், அதிலும் உங்கள் குறிப்பைப் போட்டு வையுங்கள்.

குறை என்னவென்றால் மாதத்துக்கு ஒருமுறைதான். முதல் இரண்டு மூன்று நாளிலேயே எழுதிவிட வேண்டும். அப்புறம் இருபத்தைந்து நாள் வேறு இடம் பார்க்க வேண்டும்.

அந்த நாட்களில் நான் அதிகம் திறந்தது வீ வொர்க் ரிமோட்லி. பேஸ்கேம்ப் என்ற மென்பொருளைச் செய்த 37சிக்னல்ஸ் கம்பெனியிலிருந்து பிறந்த தளம் இது. அலுவலகமே இல்லாமல் வேலை நடத்தலாம் என்று வெகு காலமாகச் சொல்லி வந்தவர்கள் அவர்கள். இங்கே விளம்பரம் போடக் கம்பெனி பணம் கட்ட வேண்டும். அந்த ஒரு காரணமே எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் பணம் கட்டிப் போடுகிறவருக்கு உண்மையிலேயே ஆள் வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் எந்தப் பகுதியில் இருந்து வேலை செய்யலாம் என்ற குறிப்பு இருக்கும். "உலகில் எங்கிருந்தும்" என்று போட்டிருப்பவற்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். புரோகிராமிங், டெவ்ஆப்ஸ் என்று பிரிவுக்குப் பிரிவு ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய பதிவுகளைத் தானாக அனுப்பும் வசதி) உண்டு. அதை அவற்றைப் படிக்கும் என் ரீடர் செயலியில் சேர்த்துவிட்டதால் தளத்தைத் திறக்காமலே புதியவை வந்து சேர்ந்தன. ஒரே ஒரு எச்சரிக்கை: "உலகில் எங்கிருந்தும்" என்று தலையில் இருந்தாலும் உள்ளே கடைசிப் பத்தியில் குறிப்பிட்ட நேர மண்டலத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். கடைசிப் பத்தி வரை படியுங்கள்.

ரிமோட் ஓகே பீட்டர் லெவல்ஸ் என்ற தனி மனிதர் உருவாக்கியது. ஒரே ஆள் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதி நடத்தும் தளம் என்பதால் புரோகிராமர்கள் மத்தியில் அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. வேகமாகத் திறக்கும், டேக் வைத்துத் தேடலாம், எல்லா வேலைகளும் நாம் எழுதும் நிரல் நேரடியாக எடுத்துப் படிக்கும்படி ஜேசன் வடிவில் ஏபிஐயாகவே கிடைக்கும். நான் இருபது வரிப் பைத்தான் எழுதி, காலையில் பைத்தான் டேக் உள்ளவற்றை மட்டும் எனக்கு அனுப்ப வைத்தேன். வேலை தேடுகிற நாட்களில் ஒரு கோட் ஒழுங்காக ஓடினால் மனசுக்கு எவ்வளவு தெம்பு என்பது தேடியவர்களுக்குத் தெரியும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கூடுதலாகப் பணம் கட்டினால் விளம்பரத்தைப் பக்கத்தின் மேலேயே ஒட்டி வைக்கலாம், வண்ணம் போட்டும் காட்டலாம். ஆகவே மேலே இருப்பது புதியது என்று நினைக்காதீர்கள், தேதியைப் பாருங்கள். இன்னொன்று சம்பளம். கம்பெனி சொல்லாத இடத்தில், அதே மாதிரியான வேலைகளை வைத்து மதிப்பிட்ட தொகையைப் பார்த்திருக்கிறேன். மதிப்பீடு என்று அங்கேயே எழுதியிருக்கும். அதை வைத்துக்கொண்டு பேரம் பேசப் போகக் கூடாது.

ஹிமாலயாஸ் என்ற தளத்தை மூன்றாவது மாதம்தான் கண்டுபிடித்தேன். முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ மாலை நேரம் மிச்சமாகியிருக்கும். எந்தெந்த நாட்டில் இருந்து விண்ணப்பிக்கலாம், எந்த நேர மண்டலம் என்று தனியாகவே காட்டுகிறது, அதை வைத்து வடிகட்டவும் முடிகிறது. ஒரு தளம் என்னை மதிக்கிறது என்று எனக்குத் தோன்றிய இடம் அதுதான்.

ஸ்டார்ட்அப் வேண்டும் என்றால் வெல்ஃபவுண்ட். ஏஞ்சல்லிஸ்ட் டேலண்ட் என்று முன்பு இருந்ததுதான், 2022 நவம்பரில் பெயர் மாறியது. சம்பள வரம்பையும், கம்பெனியின் பங்கில் உங்களுக்குத் தரும் விகிதத்தையும் வேலையின் பக்கத்திலேயே போட்டுக் காட்டுகிறது. பல இடங்களில் கம்பெனியைத் தொடங்கியவரே உங்கள் செய்தியைப் படிப்பார். பங்கு விகிதத்தைப் பற்றி ஒரு சொல்: மொத்தப் பங்கு எவ்வளவு, எத்தனை வருடம் இருந்தால் முழுசாகக் கைக்கு வரும், வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று தெரியாமல் அந்தத் தசம எண்ணுக்குச் சம்பளத்தில் ஒரு ரூபாயையோ ஒரு டாலரையோ விட்டுக்கொடுக்காதீர்கள். நான் எல்லாரிடமும் கேட்டேன். நல்லவர்கள் சலிக்காமல் சொன்னார்கள்.

லிங்க்ட்இன்னை விட்டுவிட்டு இதை எழுத முடியாது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகு இன்னும் பெரிதாகிவிட்டது. எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், அதுதான் அதன் பலமும் பலவீனமும். "ஈசி அப்ளை" பொத்தான் எனக்கு எவ்வளவு சுலபமோ மற்ற எல்லாருக்கும் அவ்வளவு சுலபம். ஆகவே ஒரு நாள் தாமதித்தாலே உங்களுக்கு முன்னால் பெரிய வரிசை நிற்கும். ரிமோட் என்ற வடிகட்டி இருந்தாலும், அது தேடும் ஊரோடு அல்லது நாட்டோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது.

எனக்கு உதவிய ஒரு வித்தை சொல்கிறேன். "கடந்த 24 மணி நேரம்" என்று வடிகட்டினால் மேலே முகவரிப் பட்டையில் 86400 என்று ஓர் எண் வரும். 24 மணி நேரத்துக்கு அத்தனை நொடி. அதை அழித்து 3600 என்று போட்டு என்டர் தட்டினால், கடந்த ஒரு மணி நேரத்தில் வந்தவை மட்டும் வரும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை இப்படிப் பார்த்தேன். பார்த்ததும் அங்கேயே பொத்தானை அழுத்தாமல், கம்பெனியின் சொந்த கேரியர்ஸ் (வேலை அறிவிப்பு) பக்கத்துக்குப் போய் அங்கே விண்ணப்பித்தேன். லிங்க்ட்இன் உண்மையில் நல்ல வேலைத் தளம் என்பதைவிட நல்ல ஆள் அட்டவணை. அந்த டீமில் யார் இருக்கிறார்கள், எந்த நாட்டில் இருந்து வேலை செய்கிறார்கள் என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஊழியர்கள் எல்லாரும் ஒரே நாட்டில் இருந்தால், விளம்பரம் என்ன சொன்னாலும் எனக்குப் பதில் தெரிந்துவிடும்.

இண்டீட் 2004-இலிருந்து இருக்கிறது. பல இடத்து வேலைகளை ஒன்றாகத் திரட்டித் தருவது. ரிமோட் டெக் வேலைக்கு நான் அதை வாரம் ஒருமுறைதான் பார்த்தேன்.

ஃப்ளெக்ஸ்ஜாப்ஸ் வேறு வழியில் போகிறது. 2007-இல் தொடங்கியது, தேடுகிறவர்களே சந்தா கட்ட வேண்டும், பதிலுக்கு ஒவ்வொரு வேலையையும் ஆள் வைத்துச் சரிபார்த்துத்தான் போடுகிறார்கள். வேலை தேடுபவரிடம் காசு வாங்குவது தப்பு என்று நான் முதலில் நினைத்தேன். ஒரு மாதம் கட்டிப் பார்த்த பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் மாறியது. மோசடி பயம் இல்லாமல் படிப்பது ஒரு நிம்மதிதான். ஆனால் டெக் வேலை தேடுகிற, மோசடியை அடையாளம் காணத் தெரிந்த ஒருவருக்கு அது அவசியம் என்று சொல்ல மாட்டேன். டெக் அல்லாத வேலைக்கு முதல் முறையாக வீட்டிலிருந்து போகிறவருக்குச் சொல்வேன்.

மோசடி என்று சொன்னேன் அல்லவா. ஒரு தளத்தில் பார்த்த வேலைக்கு எழுதினேன், மறுநாளே பதில். இன்டர்வியூ முழுக்க எழுத்து அரட்டையில்தான், முகம் இல்லை, குரல் இல்லை. ஒரு மணி நேரத்தில் வேலை உறுதி என்றார்கள். லேப்டாப் வாங்க ஒரு காசோலை அனுப்புவதாகவும், நான் அதை வங்கியில் போட்டு, அவர்கள் சொல்லும் கடைக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்கள். காசோலை கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வரும், நாம் அனுப்பிய பணம் திரும்பாது. உண்மையான ஒரு கம்பெனியின் பெயரை எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வேலையே இல்லை. மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. நான் தப்பித்தேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன், வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

புரோகிராமர்களுக்கு என்றே இன்னொரு வலையும் இருக்கிறது. "இந்த நிரலை இறக்கி ஓட்டிப் பாருங்கள், பிழையைத் திருத்துங்கள்" என்று டெஸ்ட் கொடுப்பார்கள், உள்ளே கடவுச்சொல்லைத் திருடும் நிரல் இருக்கும். பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023 நவம்பரில் இப்படி ஒரு தொடர் தாக்குதலை விவரமாக வெளியிட்டார்கள். அதைப் படித்த பிறகு, யார் கொடுத்த டெஸ்டையும் தனி வர்ச்சுவல் மெஷினில் (என் கணினிக்குள்ளேயே பிரித்து வைத்த இன்னொரு கணினி மாதிரி) மட்டும்தான் ஓட்டுகிறேன். நல்ல கம்பெனி எதுவும் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

சம்பளப் பத்தியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல அமெரிக்க விளம்பரங்களில் வரம்பு போட்டிருப்பதற்கு ஒரு பெரிய காரணம் சட்டம். கொலராடோ மாநிலம் 2021 ஜனவரி 1 முதல் விளம்பரத்தில் சம்பளம் காட்டச் சொன்னது. கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2023 ஜனவரி 1 முதல் சொன்னன. கொலராடோ சட்டம் வந்த புதிதில், சம்பளத்தைக் காட்ட விரும்பாத சில கம்பெனிகள் "கொலராடோவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று எழுதின. ரிமோட் வேலை, ஆனால் ஒரு மாநிலம் மட்டும் வேண்டாம்! அந்த வரம்பு அந்த நாட்டுக்குள் இருப்பவருக்கானதா, எங்கிருந்தாலும் அதேதானா என்றும் கேட்டு வையுங்கள். இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சம்பளத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பெனிகள் உண்டு. கிட்லேப் என்ற மென்பொருள் கம்பெனி மாதிரி சிலர் அதைத் தங்கள் கையேட்டில் எல்லாரும் பார்க்கும்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடிக்கும், கணக்கு எனக்குச் சாதகமாக இல்லாதபோதும்.

தளமே இல்லாமல் தேடும் வழியும் ஒன்று உண்டு, அதை நான்காவது மாதம் முதல் தினமும் செய்தேன். கம்பெனிகளின் கேரியர்ஸ் பக்கங்கள் பெரும்பாலும் கிரீன்ஹவுஸ், லீவர், ஆஷ்பி போன்ற மென்பொருள்களில்தான் ஓடுகின்றன. கூகுளில் "சைட்" என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு, முக்காற்புள்ளி வைத்து, இவற்றின் முகவரியையும் பதவியையும் ரிமோட் என்ற சொல்லையும் தட்டினால், எந்தத் தளத்திலும் விளம்பரம் செய்யாத வேலைகள் வரும். தேதி வடிகட்டியில் கடந்த ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூடிய வேலைகளும் வந்து விழும்.

இரண்டு நல்ல தளங்கள் இப்போது இல்லை. கிட்ஹப் ஜாப்ஸ் 2021-இல் மூடியது, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஜாப்ஸ் 2022 மார்ச் 31 அன்று மூடியது. என் முந்தைய வேலை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில்தான் கிடைத்தது. நம்மைப் போன்றவர்கள் தினமும் கேள்வி கேட்டு, பதில் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே வேலையும் இருந்தது அதன் அருமை. அந்தத் தளத்தில் சேமித்து வைத்திருந்ததெல்லாம் தளத்தோடு போனது. அதனால் இப்போது பிடித்த விளம்பரம் எதையும் உடனே பிடிஎஃப் ஆக என் கணினியில் எடுத்து வைக்கிறேன். வேலைக்கு எடுத்த பிறகு "அப்படி எழுதவே இல்லையே" என்று யாராவது சொன்னாலும் அது கையில் இருக்கும்.

எனக்கு வேலை கிடைத்தது ஐந்தாவது மாதத்து ஹேக்கர் நியூஸ் இழையில். பன்னிரண்டு பேர் உள்ள டீம், ஏழு நாடுகள், கான்ட்ராக்ட் முறை, வருடத்துக்கு முப்பது நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எழுதிய மறுநாள் பதில் வந்தது. முதல் கேள்வியே நான் எந்த நாட்டில் இருக்கிறேன், ஒரு நாளில் மூன்று மணி நேரம் எல்லாரோடும் பொதுவாக இருக்க முடியுமா என்பதுதான்.

சென்ற மாதம் எங்களுக்கு இன்னொரு பேக்எண்ட் ஆள் தேவைப்பட்டது. இழையில் போடும் பதிவை நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கம்பெனியின் பெயருக்கு அடுத்து, பதவிக்கும் முன்னால் இப்படி எழுதினேன்: "ரிமோட், எந்த நாட்டிலிருந்தும், கான்ட்ராக்டர், யூடிசி (உலகப் பொது) நேரம் காலை 9 முதல் 12 வரை எல்லாரும் இருக்க வேண்டும்." அதற்கடுத்துச் சம்பள வரம்பு. எண்பத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். பதில்களை நானே எழுதினேன், நான்கு மாலை ஆனது.